விதை நெல் பாட்டரி

"ஒரு சப்தம் இருக்கிறது, தம்பி. அது காதில் விழுந்தால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்" என்றார் அந்தப் பெரியவர்.

"புயற்காற்றின் சப்தமா?" என்று கேட்டேன்.

"காற்று வரும் முன்னே ஆகாசம் சொல்லிவிடும். இது சொல்லாது."

"அலையா?"

"அலைக்குப் பயந்தால் இந்தத் தொழிலுக்கு வருவானேன்? டக்! அந்தச் சப்தம்தான்."

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். எஞ்சினைக் கிளப்புவதற்காகச் சாவியைத் திருப்புகிறோம். 'உர்ர்ர்' என்று சுழல வேண்டிய ஸ்டார்ட்டர், சுழலாமல் 'டக்' என்று ஒரு தரம் தட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. இது வீட்டு வாசலில் நிற்கும் காரில் நடந்தால், தெருவில் போகிற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லலாம். நடுக்கடலில் நிற்கும் விசைப்படகை யார் தள்ளுவது?

நான் இந்த விஷயங்களில் பெரிய மேதாவி அல்ல. பாட்டரி என்றால் டார்ச் லைட்டில் போடுவது என்ற அளவில்தான் என் ஞானம் நெடுநாள் இருந்தது. ஆனால் கிளிஞ்சல்மேட்டில் ஒரு பகல் பொழுது அந்தப் பெரியவரோடும், படகுகளுக்கு மின்சார வேலை பார்க்கும் அவருடைய மாப்பிள்ளையோடும் உட்கார்ந்து பேசிய பிறகு, ஒரு படகில் இருக்கிற ஏழெட்டு உயிர்கள் சில சமயம் ஒரு கறுப்புப் பெட்டியின் முனையில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பை நம்பி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன்.

கிளிஞ்சல்மேடு, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் கடலை ஒட்டிய மீனவர் ஊர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் வங்கக் கடல், நடுவே காரைக்கால். ஊர்ப் பெயரைப் பார்த்தாலே கிளிஞ்சல் குவிந்த மணல் மேடு கண்ணில் தெரிகிறது அல்லவா? 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்த ஆழிப் பேரலையில் ரொம்பவும் பறிகொடுத்த ஊர்களில் இதுவும் ஒன்று. அதைப் பற்றி அங்கே யாரும் தாமாகப் பேச ஆரம்பிப்பதில்லை. நாமும் கேட்காமல் இருப்பதே மரியாதை.

நான் போனது மீன்பிடித் தடைக் காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-ந் தேதியிலிருந்து ஜூன் 14-ந் தேதி வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலம் என்று சர்க்கார் வைத்திருக்கும் விதி. ஆகவே அரசலாற்றங்கரையில் படகுகள் வரிசையாக நின்றன. சில கரையேறி வர்ணம் பூசிக்கொண்டிருந்தன. வலை பின்னுகிறவர்கள், பலகை தட்டுகிறவர்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பெருமூச்சு விடுகிறவர்கள் - எல்லாரும் இருந்தார்கள். பெரியவர் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, பழைய வலையிலிருந்து மிதவைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் படகு ஓட்டியவர். இப்போது பிள்ளை ஓட்டுகிறான்.

"உங்களுக்கு அந்தச் சப்தம் எப்போதாவது கேட்டதுண்டா?" என்றேன்.

"ஒரே தரம். அதுவே போதும்" என்றார்.

சில வருஷங்களுக்கு முன்பு, மார்கழி மாதம். வலையை இறக்கிவிட்டு எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். டீசல் விற்கிற விலையில் சும்மா நிற்கும்போது எஞ்சினை ஓடவிட யாருக்கு மனசு வரும்? விளக்குகள் எரிந்தன. பையன்கள் பாட்டு வைத்திருந்தார்கள். செல்போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஒயர்லெஸ் பெட்டியில் மற்றப் படகுக்காரர்கள் பேசுவது லொடலொடவென்று கேட்டுக்கொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வாடைக் காற்று வலுத்தது. வலையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடலாம் என்று சாவியைத் திருப்பினார்.

டக்.

இன்னொரு தரம் திருப்பினார். அதுவும் இல்லை. விளக்குகள் மங்கி, மின்மினிப் பூச்சி மாதிரி ஆகிவிட்டன.

"ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டிருக்கலாமே?"

"அங்கேதான் தம்பி வேடிக்கை. மற்றவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசலாம் என்று பொத்தானை அமுக்கினால் பெட்டியே செத்துவிடுகிறது. விட்டால் மறுபடி உயிர் வருகிறது. காது இருக்கிறது, வாய் இல்லை."

இதற்குக் காரணத்தை மாப்பிள்ளை பிறகு சொன்னார். அந்தப் பெட்டி சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியர் மின்சாரம்தான் குடிக்கும். ஆனால் 25 வாட் சக்தியோடு பேசுவதற்கு ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். காலியான பாட்டரியால் அதைக் கொடுக்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் வோல்ட் படுத்துவிடும். ஆபத்துக்கு அழைக்க உலகம் முழுவதும் ஒதுக்கி வைத்திருக்கும் 16-ம் சானல் அந்தப் பெட்டியிலேதான் இருக்கிறது. இருந்து என்ன செய்ய?

மார்கழியில் இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கி இழுக்கும். மணிக்கு ஒரு கடல் மைல் என்று வைத்தாலும், இரண்டு மணியிலிருந்து விடிகிற வரை நாலு கடல் மைல். தெற்கே போனால் என்ன? கோடிக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை. இந்தியாவும் இலங்கையும் 1974-லும் 1976-லும் உடன்படிக்கை செய்துகொண்டு வரைந்த எல்லைக் கோடு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. தண்ணீரில் கோடு தெரியாது; ஜி.பி.எஸ். பெட்டியில்தான் தெரியும். அந்தப் பெட்டிக்கும் அதே பாட்டரிதான் சாப்பாடு போட வேண்டும். 2025-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி அதிகாலையில், காரைக்காலிலிருந்து சென்ற விசைப்படகு ஒன்றை நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்து, படகிலிருந்த 13 பேரில் சிலர் காயம் பட்டார்கள். இரண்டு பேருக்குப் பலத்த காயம். அந்தப் படகுக்கும் பாட்டரிக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்ல வரவில்லை. நமது படகு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருட்டில் மிதப்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்காகச் சொன்னேன்.

பெரியவர் படகு அவ்வளவு தூரம் போகவில்லை. விடிந்ததும் ஒரு கழியில் சட்டையைக் கட்டி ஆட்டினார்கள். பக்கத்து ஊர்ப் படகு ஒன்று பார்த்துவிட்டு வந்தது. அவர்கள் தங்கள் பாட்டரியைக் கழற்றிக் கொடுத்தார்கள். நாற்பது கிலோவுக்கு மேல் கனக்கிற பெட்டி. ஒரு படகு மேலே ஏறும்போது இன்னொன்று கீழே இறங்குகிறது. இரண்டு பேர் கொடுக்க, இரண்டு பேர் வாங்க வேண்டும். "பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பது மாதிரி இருந்தது" என்றார் பெரியவர்.

கரைக்கு வந்ததும் முதல் வேலையாக இன்னொரு பாட்டரி வாங்கினாராம். மாப்பிள்ளை அப்போது மாப்பிள்ளை ஆகவில்லை. வேலைக்கு வந்த எலெக்ட்ரீஷியன் பையன்தான். அந்த வேலையைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தாரா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மிதவையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

* * *

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பயப்பட வேண்டாம், பால்காரன் கணக்கைவிட எளிது.

பாட்டரியில் இருக்கிற மின்சாரத்தை 'ஆம்பியர்-மணி' என்று அளக்கிறார்கள். 150 ஆம்பியர்-மணி பாட்டரி என்றால், 10 ஆம்பியர் வீதம் சுமார் 15 மணி நேரம் கொடுக்கும் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அடிவரை வழித்து எடுக்கக் கூடாது. பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துபோகும். ஆகவே 150 என்று எழுதியிருந்தால் நமக்கு உரியது 75 என்றே எண்ண வேண்டும்.

படகில் ராத்திரி என்ன செலவு? 10 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு என்றால் 12 வோல்ட்டில் சுமார் மூன்றேகால் ஆம்பியர். ஒயர்லெஸ்ஸுக்கு அரை. ஜி.பி.எஸ்.ஸும், ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் எக்கோ சவுண்டரும் சேர்ந்து ஒன்றரை. செல்போன், பாட்டு இத்யாதிகளுக்கு முக்கால். ஆக மொத்தம் 6 ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 60. நம் 75-க்குள் அடங்கிவிட்டது. பழைய நாளில் 60 வாட் குண்டு பல்பு நாலு போட்டிருந்தார்களே, அதற்கு மட்டுமே 20 ஆம்பியர்! பத்து மணி நேரத்தில் 200. பாட்டரியில் இருப்பதே 150.

சரி, எஞ்சினைக் கிளப்ப எவ்வளவு செலவாகும்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பெரிய டீசல் எஞ்சினின் ஸ்டார்ட்டர் 400 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விநாடியில் எஞ்சின் பிடித்துவிடும். பெருக்கி, வகுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர்-மணிதான். ராத்திரியில் படகு மூன்றரை நிமிஷத்துக்குள் செலவழிக்கிற மின்சாரம் இது!

"அப்படியானால் பாட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலே போதுமே?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"சார், கல்யாணத்துக்குச் செலவு ஒரே நாளில்தான். அதற்காக அன்றாடம் கிடைக்கிற கூலியை வைத்துக் கல்யாணம் பண்ண முடியுமா? ஒரே மூச்சில் கையில் வேண்டும்" என்றார் அவர்.

இதைவிட நன்றாக எந்தப் பாடப் புஸ்தகமும் சொல்லியிருக்காது. தீர்ந்துபோகிற நிலையில் உள்ள பாட்டரி, சின்ன விளக்குக்கு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். ஒரேயடியாக நானூறு கேட்டால் கையை விரிக்கும். அந்தக் கை விரிப்புத்தான் 'டக்'.

ஆகவே வழி ஒன்றுதான். எஞ்சின் கிளப்புவதற்கு என்று ஒரு பாட்டரி. விளக்கு, ஒயர்லெஸ், மற்றதற்கெல்லாம் வேறொரு பாட்டரி. முதலாவதைத் தொடவே கூடாது. காவிரிக் கடைமடையில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பத்து மூட்டை நெல் இருந்தாலும் விதை நெல் தனிக் கோட்டையில் இருக்கும். பசி எடுத்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். பெரியவர் தம் படகில் எஞ்சின் பாட்டரியை 'விதை நெல்' என்றே சொல்கிறார். பையன்களில் ஒருவன் அதில் செல்போன் சார்ஜரை மாட்டப்போய் வாங்கிக்கட்டிக்கொண்ட கதையும் சொன்னார்.

இரண்டு பாட்டரியும் ஒரே ஜாதி அல்ல என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் பாட்டரிக்குள் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம்; ஒரு நொடியில் அள்ளிக் கொடுக்கும், ஆனால் பட்டினி தாங்காது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்குகிறோமே, டியூபுலர் என்று, அதில் தகடு கனம். நிதானமாகக் கொடுக்கும், காலியாகி நிரம்புவதைப் பல நூறு தடவை தாங்கும். ராத்திரி விளக்குக்கு இந்த ஜாதிதான் லாயக்கு. விலை குறைவு என்று லாரி பாட்டரி இரண்டு வாங்கிப் போடுகிறவர்கள், ஒன்றை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஈயப் பாட்டரியைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். காஸ்தோன் பிளான்தே என்று பெயர். 1859-ல் இரண்டு ஈயத் தகடுகளைப் பாய் மாதிரி சுருட்டிக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தினார். அந்த வருஷம் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி வரை பறந்தது. ஆனால் பிளான்தேயின் பெட்டியைக் காரைக்கால் கடலில் ஏற்றிக்கொண்டு போக எஞ்சினும் வேண்டியிருந்தது, டைனமோவும் வேண்டியிருந்தது. அவர் காலத்தில் அந்தப் பெட்டியைச் சார்ஜ் செய்யவே சரியான இயந்திரம் கிடையாது. இன்னொரு வகைப் பாட்டரியைக் கொண்டு அதை நிரப்பினார், பாவம்! குடத்தைத் தம்ளரால் நிரப்புகிற கதை.

எஞ்சின் கிளப்பவும் விளக்கெரிக்கவும் ஒரே பாட்டரி என்ற கூட்டுக் குடும்பம் 1912-ல் அமெரிக்காவின் காடிலாக் காரில் ஆரம்பமாயிற்று. சார்லஸ் கெட்டரிங் என்பவர் கைப்பிடி சுற்றும் தொல்லையை ஒழித்து மின்சார ஸ்டார்ட்டரை வைத்தார். காருக்கு அது சரி. ராத்திரி முழுவதும் நின்றுகொண்டே விளக்கெரிக்கும் படகுக்கும், வீடு மாதிரி அமைத்து உள்ளேயே சமைத்துப் படுத்து உறங்கும் 'கேரவன்' வண்டிக்கும் தனிக்குடித்தனம்தான் நல்லது.

* * *

தனிக்குடித்தனம் வைத்தாயிற்று. ஆனால் சம்பாதிக்கிறவன் ஒருவன்தானே? எஞ்சினில் பெல்ட் போட்டு ஓடும் ஆல்டர்னேட்டர் ஒன்றே ஒன்று. அது இரண்டு வீட்டுக்கும் படி அளக்க வேண்டும். விஷயத்தின் முடிச்சு இங்கே இருக்கிறது.

ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. எங்கிருந்து? பெட்டியின் அடியில் தொங்கும் பாட்டரிகளிலிருந்து. ஓடும்போது சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஒரு யந்திரத்தைச் சுழற்றி, அதே பாட்டரிகளை நிரப்புகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே லண்டனைச் சேர்ந்த ஸ்டோன் கம்பெனி இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டது. நம் நாட்டிலும் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. நடு வழியில் ரயில் நெடு நேரம் நின்றுவிட்டால் விளக்கு மங்கி மின்விசிறி முனகுமே, பார்த்ததில்லையா? ஆனால் ரயில் பெட்டிக்கு ஒரு சௌகரியம்: எஞ்சினைக் கிளப்பும் கவலை அதற்கில்லை.

படகில் முதலில் வந்த முறை, கையால் திருப்பும் ஸ்விட்ச். '1', '2', 'இரண்டும்' என்று எழுதியிருக்கும். ஓடும்போது 'இரண்டும்', நிறுத்தியதும் விளக்குப் பாட்டரிக்கு மாற்றிவிட வேண்டும். அருமையான ஏற்பாடு, மனிதனுக்கு மறதி இல்லாதிருந்தால்! வலை இழுத்துக் களைத்தவன் மாற்றாமல் படுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து காலியாகும். மேலும், எஞ்சின் ஓடும்போது யாராவது அந்த ஸ்விட்சை முழுவதும் அணைத்துவிட்டால், போக்கிடம் இல்லாமல் வோல்ட் தாறுமாறாக ஏறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளைப் பொசுக்கிவிடும்.

அடுத்து வந்தது டையோடு வைத்த பிரிப்பான். ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு மாதிரி. ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டு பாட்டரிக்கும் போகும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. குறை என்னவென்றால், கதவைத் தள்ளித் திறக்கவே 0.7 வோல்ட் கூலி பிடித்துக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் கொடுப்பது 14.2, பாட்டரிக்குப் போய்ச் சேருவது 13.5. பாட்டரி முழுக்க நிரம்ப 14-க்கு மேல் வேண்டும். ஆக, நித்தியம் அரை வயிறு.

மாப்பிள்ளை வைத்திருப்பது ரிலே. எஞ்சின் ஓட ஆரம்பித்து, விதை நெல் பாட்டரியின் வோல்ட் சுமார் 13.3-க்கு ஏறினால், 'முதல் பந்தி முடிந்தது' என்று அர்த்தம். ரிலே தானாகவே இரண்டு பாட்டரியையும் சேர்த்துவிடும். எஞ்சின் நின்று 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். யாருடைய ஞாபக சக்தியையும் நம்ப வேண்டாம். இரண்டு பாட்டரிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு ப்யூஸ் அவசியம். மறந்தால் கம்பி பழுத்து மரம் பிடித்துக்கொள்ளும். கடலில் தீ என்பது தண்ணீரை விடக் கொடியது.

புதிதாக லிதியம் பாட்டரி வாங்குகிறவர்களுக்கு ரிலே போதாது என்கிறார் அவர். அது அகோரப் பசி கொண்டது. ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் விழுங்கிவிட்டு 'இன்னும்' என்று கேட்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது விசிறிக் காற்றும் குறைவு. ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகிவிடும். நடுவே 'டி.சி.-டி.சி. சார்ஜர்' என்ற பெட்டியை வைத்து அளந்து ஊற்ற வேண்டும். புது மோட்டார் வண்டிகள் பலவற்றில் எண்ணெய் மிச்சம் பிடிப்பதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டையே கம்ப்யூட்டர் அடிக்கடி குறைத்துவிடுகிறது. ஆகையால் கேரவன் வண்டிக்காரர்களுக்கும் இதே பெட்டிதான் கதி. 2021-ல் கேரள சர்க்கார் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்த பிறகு நம் பக்கத்திலும் சிலர் வேனை வீடாக மாற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். அவர்கள் ஆயிரக் கணக்கில் செலவழித்துக் கற்கிற பாடம் அத்தனையும் அரசலாற்றங்கரையில் ஏற்கெனவே கற்றாயிற்று என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எல்லாவற்றையும்விட மாப்பிள்ளைக்கு ஆத்திரம் கம்பி விஷயத்தில்தான். "ஆயிரக் கணக்கில் கொடுத்துப் பாட்டரி வாங்குவான் சார். கம்பியில் கஞ்சத்தனம் பண்ணுவான்" என்றார். எஞ்சின் அறையிலிருந்து வீல் ஹவுஸுக்கு ஆறு மீட்டர் என்று வையுங்கள். போக வர 12 மீட்டர். வீட்டில் ஏ.ஸி.க்குப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 30 ஆம்பியர் போனால், வழியிலேயே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போய்விடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே ஒன்றரை போனால் யாருக்குத் தெரியும்? இங்கே இருப்பதே பதினாலு. 25 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் கால் வோல்ட்தான் நஷ்டம். அதோடு உப்புக் காற்று வேறு. செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்து, இறுக்கமாக இருந்த இடம் தளர்ந்துவிடும். வெளிக்குக் கம்பி நன்றாகத்தான் இருக்கும். உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரு முழத்துக்குக் கறுத்துப் போயிருக்கும். ஈயம் பூசிய செம்புக் கம்பி போட்டு, முனைக்கு வாஸலின் தடவுவது இதற்காகத்தான்.

இன்னொரு தவறும் பல படகுகளில் இருக்கிறதாம். லாரி எஞ்சின் ஜாதியைச் சேர்ந்த பெரிய எஞ்சின்களுக்கு 24 வோல்ட் தேவை. 12 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடர்ச்சியாகக் கோத்திருப்பார்கள். ஒயர்லெஸ்ஸுக்கு வேண்டியது 12. உடனே யாரோ ஒரு புத்திசாலி, இரண்டில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்துவிடுகிறான். ஒரே நுகத்தில் பூட்டிய மாடு இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தீனியைக் குறைத்தது போல் ஆகிறது. ஆல்டர்னேட்டருக்கு மொத்தம் 28 வோல்ட் என்பது மட்டுமே தெரியும். ஒன்று 13-லும் இன்னொன்று 15-லும் இருந்தால்கூட, 'சரி, 28 வந்துவிட்டது' என்று திருப்தி அடைந்துவிடும். ஒன்று பட்டினியால் சாகிறது. மற்றது அஜீரணத்தால் கொதித்துச் சாகிறது. 24-ஐ 12 ஆக்கித் தரும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று வைத்தால் வம்பு தீர்ந்தது. பேச்சுவாக்கில், "மாமா படகிலும் முதலில் அப்படித்தான் இருந்தது" என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அது பழைய கதை" என்று பெரியவர் அடக்கிவிட்டார்.

"ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டால் நிரம்பிவிடாதா?" என்று கேட்டேன். மூட்டையில் நெல் அளந்து போடுவதைப் பார்த்திருப்பீர்கள். முக்கால் மூட்டை வரை மடமடவென்று விழும். கடைசிக் கால் பங்குக்குத் தட்ட வேண்டும், குலுக்க வேண்டும், அமுக்க வேண்டும். பாட்டரியும் அதே மாதிரி. ராத்திரி 60 செலவழித்த பாட்டரிக்கு முதல் 30 ஒரு மணியில் ஏறிவிடும். மீதி 30 ஏற நாலைந்து மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தினால் கொதிக்கும். எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் முனகிக்கொண்டிருந்தால் ஆல்டர்னேட்டரும் சரியாகக் கொடுக்காது. ஆகையினால்தான் பக்கத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே திரும்பும் படகுகளின் பாட்டரிகள் சீக்கிரம் செத்துப்போகின்றன. இப்போது சிலர் வீல் ஹவுஸ் கூரை மேல் சூரியத் தகடு ஒன்றைப் பதித்து, இந்தக் கடைசிக் கால் மூட்டையை வெயிலின் தலையில் கட்டிவிடுகிறார்கள். நல்ல யோசனை என்றே எனக்கும் தோன்றுகிறது.

பாட்டரி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வோல்ட் மீட்டர் ஒன்று போதும். எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் சும்மா வைத்த பிறகு 12.7 காட்டினால் முழுசு, 12.2 ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் விளக்குகளை அணைத்துவிட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆபத்தும் சொல்லிவிட வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஈயப் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத அறையில் அது தங்கினால் ஒரு பீடி நெருப்புப் போதும். கடல் தண்ணீர் பாட்டரிக்குள் புகுந்தாலோ குளோரின் என்ற விஷ வாயு வரும். யுத்த காலத்து நீர்மூழ்கிக் கப்பல்களில் மாலுமிகள் இதற்குத்தான் நடுங்கினார்கள். ஆகவே பாட்டரி, படகின் அடியில் தேங்கும் தண்ணீருக்கு எட்டாத உயரத்தில், பெட்டியில் வைத்து இறுகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீரும் கூடாது, கானில் வரும் குடிதண்ணீரும் கூடாது.

இவ்வளவும் பேசி முடித்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தடைக் காலத்தில் பாட்டரிகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அறுபத்தோரு நாள் படகில் அப்படியே விட்டால், சும்மா இருக்கும்போதே சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, தகட்டின் மேல் வெள்ளையாகப் படிகம் உறைந்து, பிறகு என்ன சார்ஜ் செய்தாலும் ஏறாதாம். சித்திரை வெயிலில் இது இன்னும் துரிதம். கரையில் நின்றே செத்த பாட்டரிகள்தான் அதிகம் என்றார் மாப்பிள்ளை. ஜூன் 14-ந் தேதி ராத்திரி எல்லாப் படகும் கிளம்பும் நேரத்தில் நாலு படகிலாவது 'டக்' கேட்குமாம்.

"வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார் பெரியவர்.

போனேன். வீட்டுத் திண்ணையில் ஒரு பலகை மேல் இரண்டு பாட்டரிகள் வீற்றிருந்தன. ஒன்றில் சார்ஜர் மாட்டிச் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. இரண்டின் தலையிலும் சாக்குக்கட்டியால் தேதி எழுதியிருந்தது. மாதம் ஒரு தரம் நிரப்புகிற கணக்கு. பெரியவரின் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"பேரப் பிள்ளைகள் பக்கத்தில் போகக் கூடாதென்று ராத்திரியெல்லாம் இதற்குக் காவல் நான்தான். கரண்டு பில்லும் நான்தான் கட்டுகிறேன்" என்றார் அந்த அம்மாள்.

"அந்த மார்கழி ராத்திரி எத்தனை மணிக்குப் படகு திரும்பிற்று என்று அவளைக் கேளுங்கள்" என்றார் பெரியவர்.

"மறுநாள் சாயங்காலம் நாலரை மணி" என்று அந்த அம்மாள் உடனே சொல்லிவிட்டு, காலியான தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.